தோன்றா எழுவாய்

கண்ணால் காண்கிறோம் என்று சொல்கிறோம். இத்தொடரைக் கரும்பலகையில் எழுதி வேற்றுமை கேட்டால், மூன்றாம் வேற்றுமை, கருவிப் பொருள் என்று நடுத்தர மாணவனும் விடை சொல்வான். எழுவாய் எங்கே என்று கேட்டால் சற்றுத் தயங்கி, ‘நாம்’ என்பது தோன்றா எழுவாய் என்பான். மதிப்பெண் கொடுத்துவிட்டு அடுத்த தொடருக்குப் போய்விடுவோம். முப்பது ஆண்டுக்கு மேல் நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். கண் கருவியென்றால் அக்கருவியைக் கையாளும் எழுவாய் எது, அது எங்கே மறைந்திருக்கிறது என்னும் வினா இலக்கண வகுப்புக்கு அப்பாற்பட்டது என எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு என்பதை எனக்கு உணர்த்தியவன் ஒரு தோட்டத்துச் சிறுவன். அவனைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் வினாவைச் சரியாக அமைத்துக்கொள்வோம்.

நெகிரி செம்பிலானின் பால்மரத் தோட்டங்களுள் பல, செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் வளர்ந்தவர்க்கு விடியலுக்கு முந்திய நிரையின் தோற்றம் மறக்காது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகச் செல்லும் தொழிலாளி, அவ்வொளி விழும் சிறு வட்டத்துக்குள் பட்டையைக் காண்கிறார். முந்திய வெட்டின் சாய்ந்த கோட்டைக் காண்கிறார். கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டு உளியை இழுக்கிறார். உளி ஆழப் பதிந்தால் மரம் புண்படும். மேலோடு போனால் பால் வராது. கோடும் நிறமும் ஆழமும் அசைவும் அவருக்குத் தனித்தனியாகத் தெரிவதில்லை. ஒரு மரம் தெரிகிறது. அம்மரத்தில் தாம் செய்ய வேண்டிய ஒரு வெட்டுத் தெரிகிறது.

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மூளைக்குள் நுழைந்து பார்த்தவர்கள் வியந்தார்கள். பிடரிக்கு மேலே, மூளையின் பின்புறத்தில், காட்சிப் புறணி என்னும் பகுதி இருக்கிறது. கண்ணிலிருந்து வரும் செய்திகள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் விரித்து ஆராயப்படுகின்றன. ஊபெல், வீசல் என்னும் இருவர் 1959ஆம் ஆண்டு முதல் பூனைகளின் காட்சிப் புறணியில் நுண்ணிய மின்முனைகளைச் செருகி, ஒவ்வொரு நரம்பணுவும் எதற்கு விடையளிக்கிறது என்று கேட்டறிந்தனர். ஓர் அணு சாய்ந்த கோட்டுக்கு மட்டும் துடித்தது. பக்கத்து அணு செங்குத்துக் கோட்டுக்குத் துடித்தது. மற்றொன்று ஒரு திசையில் நகரும் கோட்டுக்கு மட்டும் துடித்தது. இப்பணிக்காக 1981ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர்கள் திறந்த கதவின் வழியே ஒரு புதிர் உள்ளே வந்து அமர்ந்துகொண்டது. சாய்ந்த கோட்டை அறிந்த அணு மரத்தை அறியாது. நிறத்தை அறிந்த அணு கோட்டை அறியாது. அப்படியானால் மரத்தைக் கண்டது எது?

நம் முன்னோர் இவ்வினாவைக் கேட்காமல் இருந்தவர் அல்லர். தொல்காப்பியர் மரபியலில் கண்ணின் அறிவை நான்காம் அறிவாகவும் மனத்தின் அறிவை ஆறாம் அறிவாகவும் வைத்து, காண்பதும் உணர்வதும் ஒன்றன்று என்று பிரித்துக் காட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இன்னும் உள்ளே சென்றார். ஐம்புலன்களையும் அறிகின்ற ஒன்று அவற்றின் வேறாக உண்டு என்று சிவஞான போதத்தின் மூன்றாம் நூற்பாவில் நிறுவ முற்பட்டவர், நான்காம் நூற்பாவில் ஆன்மாவுக்கும் மனம் முதலிய அகக்கருவிகளுக்கும் உள்ள உறவை அரசனுக்கும் அமைச்சருக்கும் உள்ள உறவோடு ஒப்பிட்டார். ஆன்மா உண்டா இல்லையா என்பதை மின்முனை கொண்டு அளக்க இயலாது. அதை நான் இங்கே வழக்காட எடுத்துக்கொள்ளவில்லை. நான் கேட்பது அதனினும் சிறிய வினா. மூளை என்னும் இந்தச் சதைப் பொருளுக்குள் அரசனைப் போல் ஓர் அணு, எல்லாச் செய்தியும் வந்து சேரும் ஓர் இருக்கை, இருக்கிறதா?

இருக்கத்தான் வேண்டும் என்று எண்ணுவது நமக்கு இயல்பு. தோட்டத்தில் பிறந்தவர்க்கு இன்னும் இயல்பு. இருட்டில் பெரட்டுக்குக் கூடிநின்று பெயர் கூப்பிடப்பட்ட தலைமுறைகளின் வழிவந்தவர்கள் நாம். தொழிலாளிக்கு மேலே கங்காணி, கங்காணிக்கு மேலே கிராணி, கிராணிக்கு மேலே துரை. எங்கே ஓர் ஒழுங்கைக் கண்டாலும், அதை ஒழுங்குபடுத்தியவர் யார் என்று கழுத்தைத் தூக்கிப் பார்ப்பது நம் எலும்பில் ஊறிவிட்ட பழக்கம். ஆகவே தலைக்குள்ளும் ஒரு கங்காணியைத் தேடுகிறோம். அப்படி ஒருவன் இருந்தாலும் புதிர் தீராது. அவன் தலைக்குள் யார் இருந்து காண்கிறார் என்று மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும்.

ஆராய்ச்சியாளர்கள் அத்தகைய அணுவைக் காணவில்லை. வேறொன்றைக் கண்டார்கள். செருமனியின் பிராங்பர்ட் நகரில் உல்ஃப் சிங்கர் என்பாரும் அவருடன் சார்ல்சு கிரே முதலியோரும் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பூனையின் காட்சிப் புறணியில் ஒன்றுக்கொன்று விலகியிருந்த அணுக்கூட்டங்கள், நீண்ட ஒரே கோடு கண்முன் நகரும்போது ஒரே தாளத்தில் துடித்தன என்று காட்டினர். வினாடிக்கு ஏறத்தாழ நாற்பது துடிப்பு. அதே இடங்களில் இரண்டு கோடுகள் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தபோது, அணுக்கள் துடித்தனவேயன்றி ஒருமித்துத் துடிக்கவில்லை. வினாடிக்கு முப்பது முதல் எண்பது வரையிலான இத்தகைய அலைவுகளுக்குக் காமா அலை என்று பெயர். ஒரே பொருளுக்குரிய செய்திகளைச் சுமக்கும் அணுக்கள் ஒருமித்துத் துடிப்பதன் வழியாகவே ‘நாங்கள் ஒன்றைச் சேர்ந்தவர்கள்’ என்று காட்டிக்கொள்கின்றன என்பது அவர்கள் கருத்து. கட்டுவது கங்காணி அன்று, காலம்.

அந்தத் தாளம் எங்கிருந்து பிறக்கிறது? இதை ஆசிரியர்களுக்கு விளக்குவது எளிது. ஆசிரியர் இல்லாத வகுப்பறையை நடைபாதையில் நின்று கேட்டுப் பாருங்கள். முதலில் இரண்டு பேர் கிசுகிசுப்பர். அது நான்காகும், பத்தாகும், இரைச்சலாகும். இரைச்சல் ஓர் அளவைக் கடந்ததும், பிள்ளைகளுள்ளேயே அஞ்சிய சிலர் ‘உஷ்’ என்பர். வகுப்பு முழுவதும் அடங்கும். அச்சம் தணியச் சிறிது நேரம் ஆகும். தணிந்ததும் அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரே கணத்தில் மறுபடி வாய் திறப்பர். மீண்டும் இரைச்சல், மீண்டும் ‘உஷ்’. யாரும் தாளம் போடச் சொல்லவில்லை. ஆயினும் தாளம் பிறந்துவிட்டது.

காட்சிப் புறணியின் நரம்பணுக்களுள் ஐந்தில் நான்கு பங்கு, தம்மோடு இணைந்த அணுக்களைக் கிளர்த்துபவை. எஞ்சிய ஒரு பங்கு அடக்குபவை. அடக்கும் அணுக்களுள் ஒரு வகை, தன் கிளைகளால் அண்டை அணுக்களின் உடலைக் கூடைபோல் சூழ்ந்து பின்னிக்கொள்வதால் கூடை அணு எனப்படும். ஒரு கூடை அணு நூற்றுக்கணக்கான அண்டை அணுக்களைத் தொட்டு நிற்கும். கண்ணிலிருந்து செய்தி வரும்போது கிளர்த்தும் அணுக்கள் துடிக்கின்றன, ஒன்றையொன்று தூண்டுகின்றன, கூடை அணுக்களையும் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட கூடை அணுக்கள் ஒருங்கே துடித்து அண்டையிலுள்ள அனைத்தையும் அடக்குகின்றன. தூண்டுவார் இல்லாமையால் அவையும் ஓய்கின்றன. அடக்கத்தின் பிடி ஒரு வினாடியின் நூற்றில் ஒன்றிரண்டு பங்கில் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்ததும், அடக்கப்பட்டிருந்த அணுக்கள் ஏறத்தாழ ஒரே கணத்தில் விடுபட்டுத் துடிக்கின்றன. மறுபடியும் சுற்று. ஒரு சுற்றுக்கு வினாடியின் நாற்பதில் ஒரு பங்கு என்றால், வினாடிக்கு நாற்பது துடிப்பு என்று மாணவரே கணக்கிடலாம்.

இது வெறும் ஊகம் அன்று. 2009ஆம் ஆண்டில் ஒரு குழுவினர், பாசியிலிருந்து பெற்ற ஒளியுணர் புரதத்தைச் சுண்டெலியின் அடக்கும் அணுக்களுக்குள் புகுத்தி, மீசை மயிரின் தொடுவுணர்வுக்குரிய மூளைப் பகுதியில் ஒளியைத் துடிக்கவிட்டனர். அடக்கும் அணுக்களை நாற்பதையொட்டிய வேகத்தில் தூண்டியபோது காமா அலை ஓங்கியது. கிளர்த்தும் அணுக்களை அவ்வாறே தூண்டியபோது தாழ்ந்த வேக அலைகளே ஓங்கின. 2017ஆம் ஆண்டில் பெர்க்லியில் எலியின் காட்சிப் புறணியை ஆய்ந்தவர்கள், கூடை அணுவுக்கு வேறான மற்றோர் அடக்கும் வகையையும் அடையாளம் கண்டனர். இவை சற்றுத் தொலைவிலுள்ள அணுக்களிடமிருந்தும் செய்தி வாங்குபவை. அகன்ற வரிக்கோலத்தைக் காட்டி இவற்றை மட்டும் ஒளியால் ஓயச் செய்தபோது தாளம் தளர்ந்தது. வரிக்கோலம் என்றால் ஒன்றுபோல் இடைவெளிவிட்ட இணைகோடுகள். காட்சிப் புறணியின் காமா அலையை ஓங்கி எழுப்புபவை இத்தகைய கோலங்களே. இதைப் படித்தபோது, வரிசை பிசகாமல் நிற்கும் பால்மர நிரைகள் என் கண்முன் வந்தன. துரைமார் காமா அலையை எண்ணி மரம் நடவில்லை என்பது வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அடக்குதல் இல்லாமல் ஒழுங்கு இல்லை என்று மூளையே சொல்கிறது, ஆகவே பிரம்பு இன்றியமையாதது என்று யாரேனும் ஒரு தலைமையாசிரியர் சொல்லக்கூடும். அவருக்கு மறுமொழி இது. கூடை அணு, தான் அடக்குகின்றவற்றால் தூண்டப்பட்டே துடிக்கிறது. மற்றக் கூடை அணுக்களால் தானும் அடக்கப்படுகிறது. அடக்கிய அக்கணமே விட்டுவிடுகிறது. நேற்றைய குற்றத்தை அது இன்று நினைவில் வைப்பதில்லை. இத்தகைய பிரம்பு எந்தப் பள்ளியிலும் இருந்ததில்லை. நான் சொல்கிறேன், நானே பிரம்பு பிடித்தவன்.

இனி அச்சிறுவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியில் நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் மூன்றாம் ஆண்டு வகுப்பை நடத்திக்கொண்டிருந்தேன். அவன் தாய் தகப்பன் இருவரும் பால்வெட்டுக்குப் போகிறவர்கள். கைக்குழந்தையாய் இருந்த நாள் முதல் விடியுமுன் ஆயாக் கொட்டகையில் விடப்பட்டு வளர்ந்தவன். இடக்கண் சற்று மூக்கை நோக்கித் திரும்பியிருக்கும். மாறுகண் அதிர்ஷ்டம் என்பது நம்மவரின் பழைய நம்பிக்கை. “அது அதிர்ஷ்டக் கண்ணுங்க சார், மாத்தக் கூடாதுன்னு பாட்டி சொல்லிடுச்சி” என்று அவன் தாய் ஒருமுறை பெருமையாகவே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேன். அவன் படிப்பில் குறையொன்றும் இல்லை.

ஒரு நாள் விளையாட்டில் குச்சி பட்டு அவனுடைய வலக்கண் புண்பட்டது. கண்ணைக் கட்டிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்றான், வாசிக்கவில்லை. இடக்கண்தான் நன்றாக இருக்கிறதே, அதனால் பார்த்து வாசி என்றேன். “எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது சார்” என்றான். சோதித்துப் பார்ப்போம் என்று கரும்பலகையில் ‘ம’ என்று பெரிதாக ஒற்றை எழுத்தை எழுதினேன். உடனே சொல்லிவிட்டான். ‘ர’ எழுதினேன், சொன்னான். ‘மரம்’ என்று அதே அளவில் நெருக்கி எழுதியபோது, தெரியவில்லை என்றான். ஒவ்வோர் எழுத்தாகத் தெரிகிறது, சேர்த்தால் தெரியவில்லையா? பொய்க்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பிரம்பை எடுத்தேன். எத்தனை அடி என்பது நினைவிருக்கிறது. எழுத மனம் வரவில்லை.

அவன் சொன்னது முழு உண்மை. இளமையில் மாறுகண் உடையவர்க்கு, இரு கண்ணும் இரு வேறு காட்சியைத் தருவதால், மூளை ஒரு கண்ணின் செய்தியை ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். அக்கண்ணின் வில்லையிலும் விழித்திரையிலும் குறை இராது. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தாலும் கண் நலமாகவே தோன்றும். ஆயினும் அதனால் தெளிவாகக் காண முடியாது. தனி எழுத்து ஓரளவு தெரியும். அருகருகே அமைந்த எழுத்துகள் ஒன்றோடொன்று நெரிந்து குழம்பும். இதைச் சோம்பற்கண் என்பர். எனக்குப் பிடிக்காத சொல். சோம்பியது கண் அன்று.

இதன் உள்ளமைப்பையும் பிராங்பர்ட் ஆய்வாளர்களே பின்னர்த் துருவிக் கண்டனர். நலமான பூனையின் காட்சிப் புறணியில் அணுக்களைக் கிடையாக இணைக்கும் நீண்ட இழைகள், எக்கண்ணுக்குரிய அணு என்று பாராமல் செல்கின்றன. குட்டிப் பருவத்திலேயே மாறுகண் உண்டாக்கப்பட்ட பூனைகளிலோ, ஒரு கண்ணுக்குரிய அணுக்கள் அக்கண்ணுக்குரியவற்றோடு மட்டுமே இணைப்புக் கொண்டிருந்தன என்று 1992ஆம் ஆண்டில் எழுதினர். எந்த அணுக்கள் இளமையில் ஒருங்கே துடித்தனவோ அவற்றுக்கிடையே இணைப்பு நிலைத்தது. ஒருங்கே துடிக்காதவற்றின் இணைப்பு அறுந்தது. 1994ஆம் ஆண்டின் ஆய்வு இன்னும் நுட்பமானது. வலுவிழந்த கண்ணால் தூண்டப்பட்ட அணுக்கள் தனித்தனியே நன்றாகத்தான் துடித்தன. அவை ஒருமித்துத் துடிப்பதுதான் குன்றியிருந்தது. மெல்லிய, நெருங்கிய கோடுகளைக் காட்டியபோது இன்னும் குன்றியது. தனித்தனியே குறையில்லை, சேர்ந்தால் தெரிவதில்லை. என் கரும்பலகையில் ‘ம’வும் ‘ர’வும் தெரிந்து ‘மரம்’ தெரியாமற் போனதை அந்த ஆய்வில் மீண்டும் படிப்பதுபோல் இருந்தது எனக்கு. பூனையிலிருந்து சிறுவனுக்குத் தாவுவதில் உள்ள துணிச்சலை நான் அறிவேன். அப்பூனைக்குட்டிகளின் கண்தசையை அறுத்துப் பெற்ற அறிவு இது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

ஆனால் காமா அலைதான் காட்சியை ஒன்றாகக் கட்டுகிறது என்று முடிவு கட்டிவிடலாமா? புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது தருக்க நூலாரின் பழைய எடுத்துக்காட்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு இரண்டு புகைகள் தெரியும். லயத்து அடுப்பிலிருந்து எழும் புகை, சோறு வேகிறது என்பதற்கு அடையாளம். அப்புகை சோற்றை வேகவைப்பதில்லை. புகைக் கூடத்தில் எழும் புகையோ இரப்பர்த் தகடுகளை உலர்த்திப் பதப்படுத்துகிறது. அங்கே புகையே தொழிலாளி. காமா அலை எந்தப் புகை? மூளைக்குள் அணுக்கள் இணைந்து வேலை செய்வதன் வெறும் அடையாளமா, அல்லது அவ்விணைப்பைச் செய்வதே அதுதானா?

இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர்களுள் ஒருவர் நமக்கு அருகிலேயே, பெங்களூரின் இந்திய அறிவியற் கழகத்தில் பணிபுரிபவர்: சுப்ரதிம் ரே. அவர் அமெரிக்காவில் ஜான் மான்செல் என்பாருடன் சேர்ந்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், குரங்கின் காட்சிப் புறணியில் காமா அலையின் வேகம் காட்சியின் ஒளிமாறுபாட்டைப் பொறுத்து ஏறியிறங்குகிறது என்று காட்டினார். ஒரே பொருளிலும் ஒரு பகுதி வெளிச்சமாகவும் ஒரு பகுதி மங்கலாகவும் இருப்பது உலகியல்பு. அப்படியானால் அவ்விரு பகுதிகளையும் காணும் அணுக்கள் வெவ்வேறு வேகத்தில் துடிக்கும். வெவ்வேறு வேகத்தில் துடிப்பவை எவ்வாறு தாளத்தால் ஒன்றுபட முடியும்? வேறு சில ஆய்வுகளில், வரிக்கோலத்துக்கு ஓங்கியெழும் அலை, பல இயற்கைக் காட்சிகளுக்கு மிகத் தாழ்ந்தே எழுந்தது. அலை தாழ்ந்தாலும் காட்சி தெரியாமற் போவதில்லை. இவை அடுப்புப் புகை என்பார் பக்கம் நிற்கும் சான்றுகள். எதிர்ப்பக்கத்தாரும் ஓய்ந்துவிடவில்லை. நாட்டாண்மை தீர்ப்புச் சொல்லும் கட்டம் இன்னும் வரவில்லை.

பெங்களூர்க் குழுவினரின் மற்றக் கண்டுபிடிப்புகளும் அறியத்தக்கவை. சிவப்பையொட்டிய நிறங்கள் குரங்கின் காட்சிப் புறணியில் வியப்பூட்டும் அளவுக்கு ஓங்கிய காமா அலையை எழுப்புகின்றன என்று 2018ஆம் ஆண்டில் எழுதினர். அந்நகரத்து முதியோர் இருநூற்றுக்கும் மேற்பட்டோரின் தலையில் மின்முனை பொருத்தி வரிக்கோலங்களைக் காட்டி அளந்ததில், வயது ஏற ஏற அலை தாழ்வதைக் கண்டு 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நினைவிழப்பு நோய் தொடங்கியவர்களிடம் அது இன்னும் தாழ்ந்திருந்தது என்பது அடுத்த ஆண்டின் செய்தி. அந்நோயாளர் தொகை சிறிது. இங்கேதான் அடையாளம், காரணம் என்னும் வேறுபாடு தருக்க வகுப்பைவிட்டு இறங்கி வீட்டுக்குள் வருகிறது. வினாடிக்கு நாற்பது முறை மினுக்கும் விளக்கால் சுண்டெலியின் மூளையில் நோய்ப் படிவு குறைந்தது என்று 2016ஆம் ஆண்டில் ஒரு குழு எழுதியது. 2023ஆம் ஆண்டில் மற்றொரு குழு முயன்று பார்த்து அப்பயனைக் காணவில்லை. இதற்கிடையே மினுக்கும் விளக்குகள் விலைக்கு வந்துவிட்டன. பெற்ற தாய் தன் பெயரை மறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகன் எந்த விளக்கையும் வாங்குவான். அடுப்புப் புகையைக் கூடையில் பிடித்து வந்து பச்சரிசிமேல் ஊதினால் சோறாகுமா என்று அவனிடம் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அலையைப் பற்றி ஐயம் இருக்கலாம். இணைப்பைப் பற்றி ஐயம் இல்லை. மரத்தைக் கண்ட அணு என்று ஒன்று தனியாக இல்லை. கிளர்த்துவதும் அடக்குவதுமாகிய எண்ணற்ற இணைப்புகள் தமக்குள் கொடுத்து வாங்கும்போது காட்சி நிகழ்கிறது. அலை அந்தக் கொடுக்கல் வாங்கலின் ஒலி என்ற அளவில் எல்லாரும் உடன்படுவர். நான் மாணவரிடம் சொல்லத் துணிவதும் அவ்வளவே.

இதிலிருந்து சிலர் வேறொரு முடிவுக்கு ஓடுகிறார்கள். உள்ளே கங்காணி இல்லையென்றால் பொறுப்பாளியும் இல்லை. எல்லாம் நரம்பின் செயல். யாரைக் குறை சொல்வது, யாரைப் புகழ்வது என்கிறார்கள். கல்லூரி மாணவர் இருவர் என்னிடமே இப்படி வாதிட்டார்கள். எனக்கு இது உடன்பாடன்று. அச்சிறுவனின் காட்சிப் புறணியில் இணைப்புகள் அற்றுப்போனமைக்கு அவன் பொறுப்பல்லன், அது உண்மை. ஆனால் யாருமே பொறுப்பல்லர் என்று எப்படிச் சொல்வது? அந்த இணைப்புகள் நிலைப்பதும் அறுவதும் பிறந்தது முதல் ஏழெட்டு வயதுவரையிலான காலத்தில், கண்ணுக்குக் கிடைத்த காட்சியைப் பொறுத்து முடிவாயின. அக்காலம் முழுவதும் அவன் நம்மிடையேதான் இருந்தான். அதிர்ஷ்டம் என்று சொன்ன பாட்டி இருந்தார். இருட்டில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடவேண்டிய தாய் இருந்தார். கண் பார்ப்பவர் ஒருவரை ஆண்டுக்கொரு முறையேனும் ஆயாக் கொட்டகைக்கு அனுப்பவேண்டும் என்று தோன்றாத நிருவாகம் இருந்தது. வகுப்பில் நாள்தோறும் அக்கண்ணைப் பார்த்துச் சிரித்த ஆசிரியனும் இருந்தான். பொறுப்பைச் சுமக்க உள்ளே ஒருவனும் இல்லாதபோது, அது வெளியே இத்தனை பேர்மேல் பரவுகிறது. ஒரு கங்காணியின் தலையில் கட்டிவிட்டுப் போவதற்கு அதில் இடமில்லை.

கரும்பலகையில் ‘கண்ணால் காண்கிறோம்’ என்று எழுதி எழுவாய் கேட்ட நாள்களை எண்ணிப் பார்க்கிறேன். ‘நாம்’ என்று மாணவர் சொன்ன விடையை ஒருமைக்கு மரியாதையாக வந்த பன்மை போலவே நான் கேட்டுவந்திருக்கிறேன். அது உண்மையான பன்மையாகவும் இருக்கலாம் என்று தோன்றியதில்லை.

அவனைப் பல ஆண்டுகளுக்குப் பின் சிரம்பானில் ஒரு திருமண வீட்டில் கண்டேன். தலை நரைத்துவிட்டது. அடித்ததை நான் எடுத்துச் சொல்லி வருந்தியபோது, “அதெல்லாம் மறந்துபோச்சு சார்” என்றான். மறக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதுப் பேத்தி நின்றிருந்தாள். அவளுக்கும் இடக்கண் சற்றுத் திரும்பியிருந்தது. மூக்குக்கண்ணாடி அணிவித்து, நன்றாகக் காணும் வலக்கண்ணை ஒரு துண்டால் ஒட்டி மறைத்திருந்தார்கள். வலுத்த கண்ணை நாளொன்றுக்குச் சில மணி நேரம் மறைத்துவைத்தால், ஒதுக்கப்பட்ட கண்ணுக்கு மூளையில் மீண்டும் இடம் கிடைக்கும்; சிறு வயதில் செய்தால் பலன் மிகுதி.

குழந்தைக்கு அது பிடிக்கவில்லை. விரலால் துண்டின் ஓரத்தைப் பிய்க்கப் பார்த்தாள். அவன் அக்கையை மெல்லப் பிடித்து விலக்கினான். மண்டபத்து வாசலுக்கு எதிரே, சாலைக்கு அப்பால், செம்பனை வரிசையாக நின்றது. எத்தனை மரம் என்று எண்ணிச் சொல்லு என்றான். அவள் திரும்பிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். நான்கு வரை வந்து, அதற்கப்பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். சரி, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணு என்றான் அவன்.